பழைய பயண நூல்களின் மறுபதிப்புகளை வாசிப்பது எப்படி? நீலகிரியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரிக்கு முதலில் ஏறி வந்த வெள்ளைக்காரர் யார் என்று உதகையில் யாரைக் கேட்டாலும் அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் என்ற பெயர்தான் வரும். கொஞ்சம் வாசிப்பு உள்ளவர்கள், 1819 ஜனவரியில் சல்லிவன் வருவதற்கு முந்தைய ஆண்டே அவருடைய உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் ஏறிவிட்டார்கள் என்பார்கள். இன்னும் உள்ளே போனவர்கள் 1812-இல் நில அளவைக்காக வந்த கீஸையும் மக்மேகனையும் சொல்வார்கள். அதற்கும் அப்பால், 1603-இல் கோழிக்கோட்டுப் பக்கத்திலிருந்து நடந்தே வந்த ஏசு சபைப் பாதிரியார் ஃபெனிசியோ இருக்கிறார். இவர்களில் எவரைச் சொன்னாலும் ஆதரவுக்கு ஒரு பழைய நூல் கிடைக்கும். அந்த நூல்கள் எல்லாம் இன்று ஏதோ ஒரு வடிவில் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன என்பதால், ஒன்றை மட்டும் வாங்கி வாசித்தவர் அதையே முடிந்த முடிவாக நம்பிவிடுகிறார். பல ஆண்டுகளாக இந்த நூல்களோடு இந்த மலையில் வாழ்ந்து வருபவன் என்ற முறையில், அவற்றை எந்த வரிசையில், எதை எதோடு ஒப்பிட்டு வாசிக்க வேண்டும் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். நீலகிரிக்குச் சொல்வது மற்ற நாடுகாண் பயண நூல்களுக்கும் பொருந்தும் என்பதற்கு நடுவில் நைல் நதியின் கதையையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதற்படி: கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

மறுபதிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. மூலப் பக்கங்களை அப்படியே படமெடுத்து அச்சிட்டது ஒன்று. எழுத்துகளைப் புதிதாகக் கோத்து, சில வேளைகளில் முன்னுரையும் அடிக்குறிப்பும் சேர்த்து வெளியிட்டது இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் ஸ்கேன் கோப்பை எடுத்து, கேட்பவருக்கு ஒவ்வொரு பிரதியாக அச்சடித்து அனுப்புவது மூன்றாவது. முதல் வகையை மேற்கோளுக்கு நம்பலாம், ஏனென்றால் பக்க எண் மூலத்தோடு ஒத்துப்போகும். இரண்டாவது வகையில் பதிப்பாசிரியர் எதையாவது சுருக்கியிருக்கிறாரா என்பதை முன்னுரையிலேயே தேடிப் பார்க்க வேண்டும். மூன்றாவது வகையில்தான் மிகுந்த கவனம் வேண்டும்.

பிரான்சிஸ் புக்கானன் சென்னையிலிருந்து மைசூர், கன்னடம், மலபார் வழியாகச் சென்ற பயணத்தின் நூல் 1807-இல் மூன்று தொகுதிகளாக, வரைபடத்தோடு வெளிவந்தது. 1800-இல் அவர் மலையடிவாரத்துத் தணாயக்கன்கோட்டையில் தங்கி அரக்கோடு வரை ஏறிப் பார்த்ததால், நமக்கு அது முக்கியமான நூல். அதன் மறுபதிப்பு ஒன்றைப் பணம் அனுப்பி வரவழைத்தேன். வந்தது ஒரே தொகுதி. அட்டையில் தொகுதி எண் எங்கும் இல்லை. உள்ளே வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில், மடித்த தாளைப் பிரிக்காமலே ஸ்கேன் செய்ததால், வெறும் வெள்ளைப் பட்டையும் அதன் ஓரத்தில் பாதி எழுத்துகளும் மட்டும் இருந்தன. எந்த வழியாக ஏறினார் என்று தெரிந்துகொள்ள வாங்கிய புத்தகத்தில் வழியே இல்லை.

அதனால் பணம் கொடுப்பதற்கு முன், மூல நூலின் தலைப்புப் பக்கத்தையும் படங்களின் பட்டியலையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்கேனில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகம் வந்ததும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகச் சரிபாருங்கள். நீலகிரியின் முதல் கமிஷனரான பிரீக்ஸ் தொகுத்து, அவர் இறந்த பிறகு 1873-இல் வெளிவந்த தொல்குடிகள், நினைவுச் சின்னங்கள் பற்றிய நூலுக்கு உயிரே அதன் ஒளிப்படங்கள்தான். மலிவான மறுபதிப்பில் கல்வட்டங்களில் எடுத்த மண்கலத்துக்கும் அதன் நிழலுக்கும் வேறுபாடு தெரியாத அளவு மை அப்பிக் கிடக்கும். எழுத்து மட்டும் போதும் என்பவருக்கு அது உதவும், கலத்தின் வடிவத்தைப் பார்க்க விரும்புபவர் நல்ல ஸ்கேனையே நாட வேண்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுவுடைமையாகிறது. இங்கே நான் சொல்லும் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களைத் தரவிறக்குவதில் தடையில்லை. புதிய முன்னுரைக்கு மட்டும் தனி உரிமை உண்டு.

இரண்டாம் படி: மூன்று ஆண்டுகளை எழுதுங்கள்

முதல் வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் மூன்று ஆண்டுகளைக் குறிக்க வேண்டும்: நிகழ்ச்சி நடந்த ஆண்டு, அது எழுதப்பட்ட ஆண்டு, அச்சேறிய ஆண்டு. என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் மிகவும் பயனுள்ள படி இதுதான்.

ஃபெனிசியோவை எடுத்துக்கொள்வோம். மலைமேல் பழைய கிறிஸ்தவர்களின் வழித்தோன்றல்கள் இருக்கலாம் என்ற எண்ணத்தில் அனுப்பப்பட்டு, 1603-இல் ஏறி வந்து, மலைவாழ் மக்களான படகர்களையும் தோடர்களையும் கண்டு, அப்படி எவரும் இல்லை என்று அதே ஆண்டில் போர்த்துகீசிய மொழியில் எழுதினார். அந்த அறிக்கையின் ஆங்கில மொழிபெயர்ப்பை, தோடர்களைப் பற்றி 1906-இல் வெளியிட்ட நூலின் பின்னிணைப்பில் மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் சேர்த்தார். நடந்ததும் எழுதியதும் ஒரே ஆண்டு என்பதால் சாட்சியம் புதியது. ஆனால் அச்சில் நம் கைக்கு வந்ததற்கும் அதற்கும் இடையே 300 ஆண்டுகள். 1820-களிலும் 1830-களிலும் நீலகிரியைப் பற்றி எழுதியவர்கள் அந்த அறிக்கை முழுவதையும் முன்னே வைத்துக்கொண்டு எழுதவில்லை. ஆகவே அவர்கள் 'முதல்' என்று எழுதும்போது பொய் சொல்கிறார்கள் என்று கொள்ளக் கூடாது. தங்களுக்குத் தெரிந்தவற்றுள் முதல் என்று கொள்ள வேண்டும்.

கீஸ் 1812-இல் எழுதிய அறிக்கையும் இப்படித்தான். அதை இன்று நாம் வாசிப்பது பெரும்பாலும் கிரிக் 1880-இல் தொகுத்த மாவட்டக் கையேட்டின் பின்னிணைப்பில். கையேட்டின் உடற்பகுதியில் கிரிக் பேசுகிறார், பின்னிணைப்பில் கீஸ் பேசுகிறார். இரண்டையும் 'கையேடு சொல்கிறது' என்று ஒரே வாயாக்கிவிட்டால் 68 ஆண்டுகள் காணாமல் போய்விடும். என்னிடம் உள்ள பிரதியில் பின்னிணைப்புகள் தொடங்கும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி வைத்திருக்கிறேன்.

மூன்றாம் படி: பெயர்களுக்கு ஒரு பட்டியல் செய்யுங்கள்

இந்த நூல்களில் ஊருக்கும் மக்களுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது. உதகமண்டலம் 1821-இல் சென்னைப் பத்திரிகை ஒன்றில் அச்சான கடிதத்தில் 'வோட்டோகைமண்டு' என்று வருகிறது. நீலகிரி 'நீல்கெரி' ஆகிறது. தோடர்கள் ஹார்க்னஸின் 1832-ஆம் ஆண்டு நூலில் 'துடா'. வேறு நூல்களில் வேறு வடிவம். இவற்றுள் மிகவும் குழப்புவது 'பர்கர்' என்ற சொல். கோத்தகிரிப் பக்கத்துப் படகப் பெரியவர் ஒருவரிடம் ஒரு பத்தியை வாசித்துக் காட்டியபோது, இலங்கையில் இருக்கும் ஐரோப்பிய வழிவந்த பர்கர்களா இவர்கள் என்று முதலில் கேட்டார். அடுத்த வரியில் ஊரைக் குறிக்கும் ஹட்டியும் எருமையும் வந்ததும்தான் அது தம்மவரைக் குறிக்கிறது என்று கண்டுகொண்டார். வடக்கிலிருந்து வந்தவர் என்று பொருள்படும் படகர் என்ற பெயர் வெள்ளைக்காரர் காதில் அவர்களுக்குப் பழகிய ஒரு சொல்லாக விழுந்து, அப்படியே அச்சிலும் ஏறிவிட்டது.

ஸ்கேன் கோப்பில் தேடுபவர்கள் இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் தட்டினால் பாதிப் பக்கங்கள் அகப்படாது. பட்டியல் கையில் இருந்தால் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத் தேடலாம்.

நான்காம் படி: ஒரே நிகழ்ச்சிக்குப் பல வாய்களைக் கேளுங்கள்

விஷும் கிண்டர்ஸ்லியும் 1818-இல் ஏன் மலையேறினார்கள்? புகையிலைக் கடத்தல்காரர்களைத் துரத்திக்கொண்டு போனார்கள் என்று ஒரு வழக்கு இருக்கிறது. வேட்டைக்காகப் போனார்கள் என்று இன்னொரு வழக்கு இருக்கிறது. முதல் கதையில் கடமையும் துணிவும் தெரிகின்றன, இரண்டாவதில் வெறும் பொழுதுபோக்குதான். எது நூலுக்கு அழகோ அதுவே மறுபடி மறுபடி எடுத்தாளப்பட்டு, மறுபதிப்புகளின் பின்னட்டை வரை வந்துவிடுகிறது.

இதற்கு நான் கைக்கொள்ளும் முறை எளிது. ஒரு தாளை நெடுக்காகக் கோடிட்டு, நூல்களை அவை எழுதப்பட்ட ஆண்டு வரிசையில் மேலிருந்து கீழாக வைத்து, ஒவ்வொன்றும் அந்த நிகழ்ச்சியைப் பற்றி என்ன சொல்கிறது, யாரிடம் கேட்டதாகச் சொல்கிறது என்று எழுதுவேன். 1820-களில் கடிதங்களாக எழுதி 1829-இல் நூலாக்கிய ஜேம்ஸ் ஹஃப் பாதிரியார் முதலில் வருவார். அடுத்து 1834-இல் மருத்துவர் பெய்கி, 1880-இல் கிரிக், 1908-இல் மாவட்ட விவரச்சுவடி எழுதிய பிரான்சிஸ். அதே 1908-இல் சென்னை அரசுக்காக உதகையின் வரலாற்றைத் தொகுத்த பிரைஸ் கடைசியில் வருவார். இப்படி வைத்ததும், பிற்காலத்தவர் பலர் முற்காலத்தவர் ஒருவரையே பார்த்து எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரியும். ஐந்து நூல்கள் ஒரே செய்தியைச் சொன்னால் ஐந்து சாட்சிகள் என்று ஆகிவிடாது, ஒரே சாட்சியின் ஐந்து எதிரொலிகளாகவும் அவை இருக்கலாம்.

இந்த ஐவரில் பிரைஸை நான் தனியாக மதிக்கிறேன். அரசு ஆவணங்களைத் தேடி எடுத்து, கேள்விப்பட்ட கதையையும் பதிவான செய்தியையும் பிரித்துக் காட்ட முயன்றவர் அவர்.

ஐந்தாம் படி: புகழுக்கும் பழிக்கும் எதிர்த்தரப்பைத் தேடுங்கள்

சல்லிவனைப் பற்றி இன்று மலையில் இரண்டு பேச்சு உண்டு. காய்கறியும் சாலையும் ஊரும் தந்தவர் என்று போற்றுபவர்கள் ஒரு பக்கம். தோடர்களின் மேய்ச்சல் நிலம் கைமாறத் தொடங்கியதே அவர் காலத்தில்தான், அவரே பெரும்பரப்பைத் தம் பெயரில் வைத்துக்கொண்டார் என்று சொல்பவர்கள் மறுபக்கம். பழைய நூல்களைப் பொறுமையாக வாசித்தால், தோடர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு, அதற்கு ஈடு தர வேண்டும் என்று அரசோடு வாதாடியவரும் அதே சல்லிவன்தான் என்பது தெரியவரும். 1827 முதல் 1832 வரை சென்னை ஆளுநராக இருந்த லஷிங்டன் உதகையைப் படைவீரர்களின் நலவாழ்வுத் தலமாக வளர்க்க முனைந்தபோது, சல்லிவனோடு அவருக்குக் கடுமையான முரண்பாடு எழுந்தது. 1830-இல் மலையின் மேற்குப் பகுதி கோயம்புத்தூரிலிருந்து பிரித்து மலபாரோடு சேர்க்கப்பட்டது. 1843-இல் மறுபடியும் கோயம்புத்தூருக்கே வந்தது. லஷிங்டன் காலத்தில் எழுதியவர் யாரைப் புகழ்கிறார், யார் பெயரைச் சொல்லாமல் கடக்கிறார் என்று கவனிப்பது இதனால்தான் அவசியமாகிறது. சல்லிவனின் வாதத்தை அவருடைய சொந்த நலத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. நலம் இருந்தது என்பதற்காக வாதம் பொய்யாகிவிடவும் இல்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் படியைப் பழகிக்கொள்ள நைல் நதியின் ஊற்றுக்கண் பற்றிய சண்டையை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. அதில் ஒரு தரப்பான ரிச்சர்ட் பர்ட்டன் நம் ஊருக்கும் பழக்கமானவர். பம்பாய்ப் படையில் இளம் அதிகாரியாக இருந்து, உடல்நலக் குறைவுக்கான விடுப்பில் கோவா வழியாக 1847-இல் உதகைக்கு வந்து, 1851-இல் 'கோவாவும் நீலமலைகளும்' என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். உதகையின் சலிப்பைப் பற்றியும் தோடர்களைப் பற்றியும் அதில் அவர் எழுதியிருப்பவை பல இடங்களில் கடுமையானவை. அதே பர்ட்டன் பத்தாண்டு கழித்து, இந்தச் சண்டையின் மறுதரப்பான ஜான் ஸ்பீக்குடன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் போனார். 1858 பிப்ரவரியில் இருவரும் தாங்கனிக்கா ஏரியை அடைந்தார்கள். பர்ட்டன் நோயுற்றிருக்க, ஸ்பீக் தனியே வடக்கே சென்று 1858 ஆகஸ்ட் 3 அன்று பேரேரி ஒன்றைக் கண்டு, விக்டோரியா என்று பெயரிட்டு, நைலின் ஊற்று இதுவே என்றார். பர்ட்டன் ஏற்கவில்லை. 1859 மே மாதத்தில் ஸ்பீக் முதலில் லண்டன் சேர்ந்து செய்தியை அறிவித்துவிட்டார். 1864 செப்டம்பர் 16 அன்று பாத் நகரில் இருவரும் நேருக்கு நேர் வாதிடுவதாக இருந்தது. அதற்கு முந்தைய நாள் ஸ்பீக் தம் துப்பாக்கி வெடித்து இறந்தார். விசாரணை விபத்து என்று முடிவு சொன்னாலும், தற்கொலை என்ற பேச்சு ஓயவில்லை.

இங்கே மறுபதிப்பு வாசகர் கவனிக்க வேண்டியவை பல உண்டு. 1863-இல் வந்த ஸ்பீக்கின் பயண நூலை அவருடைய பதிப்பாளர் வேறொரு எழுத்தாளரைக் கொண்டு திருத்தி எழுதச் செய்தார். ஆகவே அதன் நடையை வைத்து ஸ்பீக்கின் குணத்தை எடைபோடக் கூடாது. ஸ்பீக் மறைந்த அதே 1864-இல் பர்ட்டன் அவர் முடிவை மறுத்து நூல் வெளியிட்டார். மறுமொழி சொல்ல எதிராளி உயிரோடு இல்லை. பர்ட்டன் 1890-இல் இறந்தபின் அவர் மனைவி இசபெல் அவருடைய தாள்களில் ஒரு பகுதியை எரித்துவிட்டு, 1893-இல் கணவரின் வரலாற்றைத் தாமே வெளியிட்டார். 1875-இல் ஸ்டான்லி என்ற பயணி விக்டோரியா ஏரியைச் சுற்றிவந்து, அது பல ஏரிகள் அல்ல, ஒரே ஏரிதான் என்று உறுதி செய்தபோது, ஸ்பீக்கின் கூற்று முக்கியப் பகுதியில் சரியென்று ஆயிற்று. ஆனால் எழுத்து வன்மையால் பர்ட்டன்தான் பெரும்புகழ் பெற்றார். இருவர் நூலையும் வாசிப்பவர், எந்த நூல் எதற்கு விடையாக எழுதப்பட்டது என்ற வரிசையில்தான் வாசிக்க வேண்டும்.

ஆறாம் படி: வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளரும் எங்கே?

மேற்சொன்ன பயணத்தில் ஸ்பீக்குக்கு வாயாகவும் காதாகவும் இருந்தவர் சிதி முபாரக் பாம்பே. ஆப்பிரிக்காவின் யாவோ இனத்தில் பிறந்து, சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, இந்தியாவில் வாழ்ந்து, விடுதலை பெற்றுத் திரும்பியவர். ஸ்பீக் அவரோடு பேசியது இந்துஸ்தானியில். ஏரிக்கரையில் மக்கள் சொன்னதெல்லாம் அந்த இந்துஸ்தானி வழியாகத்தான் ஸ்பீக்கை அடைந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு நீலகிரி நூல்களுக்கு வாருங்கள். ஃபெனிசியோ தோடர்களோடு பேசியதும் இன்னொருவர் வாய் வழியாகத்தான். கீஸுக்கும் சல்லிவனுக்கும் பாதை காட்டியவர்கள், சுமை தூக்கியவர்கள் பெரும்பாலும் பெயரின்றிப் பன்மையில் வருகிறார்கள். ரிவர்ஸ் இதில் மாறுபட்டவர், தமக்கு மொழிபெயர்த்தவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார். தென்னிந்தியக் குலங்கள் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த நூலின் தலைப்புப் பக்கத்தில் தர்ஸ்டனோடு கே. ரங்காச்சாரியின் பெயரும் இருக்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள்தாம் அதை உதிர்த்துவிடுகிறார்கள்.

நூலை வாசிக்கும்போது, உள்ளூர் மக்கள் சொன்னதாக வரும் ஒவ்வொரு செய்தியின் ஓரத்திலும், எந்த மொழியில், யார் வழியாக என்று ஒரு கேள்விக்குறி போடுங்கள். தோடர்களை ரோமர், இசுரவேலின் தொலைந்த குலத்தார் என்றெல்லாம் ஊகித்த பக்கங்கள், அவர்கள் பேச்சு புரியாத காலத்தில் எழுந்தவை. தோடர் மொழி திராவிடக் குடும்பத்தது என்பது எமனோ போன்ற மொழியியலாளர்கள் மந்துகள் எனப்படும் தோடர் குடியிருப்புகளில் அமர்ந்து கேட்டுப் பதிந்த பின் ஐயமின்றி நிலைபெற்றது.

'கண்டுபிடித்தார்' என்ற சொல்லையும் இந்தப் படியிலேயே நிறுத்தி வையுங்கள். ஹொய்சள விஷ்ணுவர்தனனின் தளபதி புணிசன் தோடர்களை அச்சுறுத்தியதையும் நீலமலையைக் கைக்கொண்டதையும் சாமராஜநகரில் உள்ள 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு பேசுகிறது. சல்லிவனுக்கு 700 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலைக்கும் இங்கே வாழ்ந்தவர்களுக்கும் கல்லில் பெயர் இருந்தது.

ஏழாம் படி: நூலை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போங்கள்

நமக்கு வாய்த்த பெரிய வசதி, நூலில் வரும் இடங்கள் பேருந்து தூரத்தில் இருப்பது. கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில், சல்லிவன் முதலில் தங்கிய வீடு, நூல்களில் திம்ஹட்டி என்று வருவது, இன்று நினைவகமாகவும் நீலகிரி ஆவண மையமாகவும் இருக்கிறது. உதகையில் அவர் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. புனித ஸ்தேவான் ஆலயக் கல்லறையில் 1838-இல் இறந்த அவர் மனைவி ஹென்றியேட்டாவின் கல்லைப் படிக்கலாம். நூலில் உள்ள தேதியைக் கல்லில் உள்ள தேதியோடு ஒப்பிட அங்கே ஐந்து நிமிடம் போதும். 1859-இல் தொடங்கிய நீலகிரி நூலகத்தில், உரிய அனுமதி பெற்று, மூலப் பதிப்பின் வரைபடத்தைக் கையால் பிரித்துப் பார்க்க வாய்த்தால், மறுபதிப்பு எதை விட்டுவிட்டது என்பது உடனே விளங்கும்.

ஓரிடத்துக்கு மட்டும் போக முடியாது. புக்கானன் தங்கிய தணாயக்கன்கோட்டை 1950-களில் கட்டி முடித்த பவானிசாகர் அணையின் நீருக்குள் கிடக்கிறது. கோடையில் நீர்மட்டம் மிகவும் இறங்கும் ஆண்டுகளில், சேற்றிலிருந்து கோயிலின் கல்மண்டபம் தலைதூக்கும். விக்டோரியா ஏரியிலிருந்து நைல் வெளியேறும் இடமாக ஸ்பீக் கண்ட ரிப்பன் அருவியும் அதே 1950-களில் ஓவன் அணையின் நீரில் மூழ்கியது. இரண்டு பயணங்களுக்கும் தொடக்கமும் முடிவுமான இடங்கள் இப்போது புத்தகத்தில் மட்டுமே உலர்ந்திருக்கின்றன. அவற்றின் வருணனை உள்ள பக்கங்கள் உங்கள் மறுபதிப்பில் தெளிவாக இருக்கின்றனவா என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: உங்கள் குறிப்பை அடுத்தவருக்கு விட்டுச் செல்லுங்கள்

வாசித்து முடித்ததும், கண்ட முடிவை ஆளோடும் ஆண்டோடும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'சல்லிவன் நீலகிரியைக் கண்டுபிடித்தார்' என்று எழுத வேண்டாம். '1819 ஜனவரியில் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் மலையேறினார். அவருக்கு முன் வந்த ஐரோப்பியர்களின் பதிவுகள் 1603, 1812, 1818 ஆகிய ஆண்டுகளுக்கு உண்டு. அவர்கள் எல்லோரும் மக்கள் வாழ்ந்த ஊர்களுக்குத்தான் வந்தார்கள்' என்று எழுதலாம். நீளம்தான், ஆனால் எதிர்க்கேள்வி கேட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்க எண் காட்ட முடியும்.

பிறகு புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாளில், இந்தப் பிரதியில் எந்தப் படம் இல்லை, எந்தப் பக்கம் மங்கியிருக்கிறது, முழுப் பிரதியை எங்கே பார்க்கலாம் என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். என் புக்கானனில் அப்படி எழுதியிருக்கிறேன்: 'இரண்டாம் தொகுதி மட்டும். வரைபடம் இல்லை. அரக்கோட்டுப் பக்கங்கள் சரியாக உள்ளன.'